இடது கன்னத்து மச்சம்

"கண்ண மூடுங்க" என்றார் ஜமால் பாய். கலியமூர்த்தி மூடிக்கொண்டார். ஈரப் பஞ்சு நெற்றியில் பட்டதும் உடம்பு ஒருதரம் சிலிர்த்து அடங்கியது. பதினோரு வருஷமாக, முந்நூற்று நாற்பது தடவைக்கு மேல், இதே பஞ்சு இதே நெற்றியில் பட்டிருக்கிறது. ஆனாலும் அந்த முதல் ஈரத்துக்கு மட்டும் பழகமாட்டேன் என்கிறது உடம்பு. மணி ஐந்தரை இருக்கும். ஆறரைக்கு நாடகம். ஒரு மணி நேரம் முகத்தை அடுத்த ஆள் கையில் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். மற்ற நடிகர்கள் இந்த நேரத்தில் வசனத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். கலியமூர்த்திக்கு அந்தக் கவலை கிடையாது. 'அடிக்கல்' நாடகத்தின் அமைச்சர் வேஷத்தை அவர் தூக்கத்திலும் பேசுவார், பேசியும் இருக்கிறார், "பெருமக்களேன்னு ராத்திரி என்னையக் கூப்புடுறாரு" என்று மனைவி சுலோசனா உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஆகவே மனசுக்கு வேலை இல்லை. வேலையில்லாத மனசு சும்மா இருக்குமா? அது நேராகப் போய் மச்சத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. மச்சம் கடைசியில்தான் வரும். முதலில் நெற்றி, அப்புறம் கன்னம், கண்ணுக்குக் கீழே நிழல், புருவம், மீசை, விக், பவுடர். எல்லாம் முடிந்த பிறகு ஜமால் பாய் கறுப்புப் பென்சிலைச் சீவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடது கன்னத்தில் கண்ணுக்கு இரண்டு விரல் கீழே ஒரே ஒரு புள்ளி வைப்பார். ஒரே தொடுதல்தான். சரியாக வரவில்லை என்று இரண்டாம் தரம் தொட்டதை யாரும் பார்த்ததில்லை. அது வரைக்கும் கலியமூர்த்தி ஒரு பொதுவான அமைச்சர். அந்தப் புள்ளி விழுந்ததும் நல்லமுத்து. அந்த நல்லமுத்துதான் இன்றைக்கு முதல் வரிசையில் வந்து உட்காரப் போகிறார்.

அதுவும் சாதாரண நல்லமுத்துவாக இல்லை, நிஜ அமைச்சராக. பதினோரு வருஷத்துக்கு முன் அவர் வார்டு கவுன்சிலர். திருச்சியில் கலியமூர்த்தி குடியிருக்கும் தெருவுக்கு மழைநீர் வடிகால் கட்ட அடிக்கல் நாட்ட வந்தவர். அப்போது கலியமூர்த்தி மின்வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். நடிகனுக்கு வேடிக்கை பார்ப்பதும் வேலைதான் என்று அப்போதெல்லாம் ஒரு நினைப்பு உண்டு. கொத்தனார் கல்லை வைத்தார். கொத்தனார் சிமெண்டைப் பூசினார். வெள்ளி முலாம் போட்ட கரண்டியைக் கவுன்சிலர் கையில் கொடுத்தார்கள், அவர் அதைக் கல்லுக்கு ஒரு சாண் மேலே காற்றில் அசைத்தார், போட்டோ எடுத்தார்கள். கரண்டியில் சிமெண்டு இல்லை. கையில் தூசிகூட இல்லை. ஆனால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோளில் அப்போதுதான் போட்டிருந்த பொன்னாடையின் வலது முனையில் கையை ஒருதரம் துடைத்தார், இடது முனையில் ஒருதரம் துடைத்தார், அதன் பிறகுதான் எல்லாருக்கும் கை கொடுத்தார். அழுக்கே படாத கை. அதை ஏன் துடைக்க வேண்டும்? கலியமூர்த்தியின் மனசில் அது ஒட்டிக்கொண்டது. சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டில் அதைச் செய்து பார்த்தார். சுலோசனா சிரித்துவிட்டாள். யார் என்று கேட்காமலே சிரித்தாள். அன்றைக்கே தெரிந்துவிட்டது, இது மேடைக்கு ஆகும் என்று. வடிகால் இன்று வரை வரவில்லை. கல் மட்டும் இருக்கிறது; அதன் மேல் சைக்கிளைச் சாய்த்து வைக்கிறார்கள்.

"ஒதட்ட இறுக்காதீங்க" என்றார் ஜமால் பாய். இறுக்கியிருப்பது அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. பாய் வாயில் எப்போதும் கிராம்பு. அவர் குனியும்போதெல்லாம் அந்த வாசனை முகத்தில் விழும். இந்த வாசனை வந்தால் கலியமூர்த்திக்கு வயிற்றில் ஒரு கலக்கம் வரும், மேடை ஏறப்போகிற கலக்கம், அது நல்ல கலக்கம். இன்றைக்கு வந்திருப்பது அதில்லை. இது ஆபீசில் மெமோ வரப்போகிற நாளில் வருவது. நாடகத்தில் நடித்ததற்காக ஒருதரம் மெமோ வாங்கியிருக்கிறார். அப்போது பயம் வரவில்லை, பெருமை வந்தது. மெமோவை நாலு பேரிடம் காட்டினார். அந்த ஆள் எங்கே போனான்? எங்கேயும் போகவில்லை, தேன்மொழிக்கு அப்பாவாக உட்கார்ந்திருக்கிறான். தேன்மொழி அவருடைய ஒரே மகள். மலைமேல் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். மாப்பிள்ளை வளைகுடாவில். மூன்று பஸ் மாறிப் போக வேண்டிய ஊரில் நாலு வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இரவு டூட்டி பார்க்க முடியாதென்று ஆதிரையை இங்கே தாத்தா வீட்டில் விட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவாள், சாயங்காலம் போக வேண்டும். போன மாசம் கிளம்புகிற நேரத்தில் அம்மாவின் ஒரு செருப்பைக் காணோம். வீடு முழுக்கத் தேடினார்கள். ஆதிரையும் கூடவே, குனிந்து கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடினாள். கடைசியில் அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. யாரும் திட்டவில்லை. தேன்மொழி செருப்பிலிருந்து அரிசியைத் தட்டிவிட்டு மாட்டிக்கொண்டு போனாள், பஸ் போயே போய்விட்டது, அப்புறம் ஆட்டோ பிடித்து அடுத்த நிறுத்தத்தில்... இட மாறுதலுக்கு மூன்று வருஷமாக மனு போட்டுக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது மனுவைக் கலியமூர்த்தியே அமைச்சரின் உதவியாளர் எழிலரசனிடம் கொடுத்தார். "நம்ம நாடகக் கலைஞர் வீட்டுப் பொண்ணா? ஐயா காதுல போட்டுர்றேன்" என்றான் எழிலரசன். கொடுத்துவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றபோது கலியமூர்த்திக்கு உள்ளங்கை பிசுபிசுவென்று இருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஒருதரம்தான் துடைத்தார் என்பதையும் கவனித்துக்கொண்டார்.

கதவு திறந்த சத்தம். செண்ட் வாசனையிலேயே தெரிந்துவிட்டது, வரதன். 'அடிக்கல்'லை எழுதியவன், குழுவின் சொந்தக்காரன், முப்பது வருஷத்துச் சிநேகிதன். கதை சின்னக் கதைதான்: ஒரு அமைச்சர் ஒரே அடிக்கல்லைக் கார் டிக்கியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் நாட்டுவார், கூட்டம் கலைந்ததும் பெயர்த்தெடுத்து அடுத்த ஊருக்குக் கொண்டு போவார், கல்லின் மேல் ஒட்டிய ஊர்ப் பெயர்க் காகிதம் மட்டும் மாறும். முதல் வருஷம் ஆட்டம் இரண்டரை மணி நேரம். இப்போது ஒன்றே முக்கால். முக்கால் மணி நேரம் எங்கே போயிற்று? யாரும் மிரட்டவில்லை, அரிவாள் தூக்கவில்லை. மரியாதையாகக் கேட்டார்கள், மரியாதையாகக் கொடுத்தாயிற்று. மணல் லாரிக் காட்சி, அரசுப் பொருட்காட்சியில் மேடை கிடைப்பதற்காகப் போனது. கோயில் நிலத்துக் காட்சி, டி.வி.யில் ஒளிபரப்ப ஒப்புக்கொண்டபோது போனது. தாசில்தார் வீட்டுக் கல்யாணக் காட்சி, வரதனுக்கு விருது வந்த வருஷம், அவனாகவே எடுத்துவிட்டான், யாரும் கேட்கக்கூட இல்லை. மிச்சம் இருப்பது இரண்டு. ஒன்று மச்சம், ஒன்று கை துடைப்பு. இந்த இரண்டும் தப்பித்ததற்குக் காரணம் ரொம்ப எளிமையானது: இவை எழுத்தில் இல்லை. அனுமதிக்கு அனுப்பும் பிரதியை வரிக்கு வரி படித்துக் கோடு போட்ட அதிகாரி, இல்லாத வரியில் எப்படிக் கோடு போடுவார்? அது வரதனின் நாடகமும் அல்ல. ஜமால் பாயின் பென்சிலும் கலியமூர்த்தியின் வலது கையும் சேர்ந்து போட்டது. ஜனங்கள் வருவதே அதற்குத்தான். அமைச்சர் மேடைக்குள் நுழைந்து முகத்தைத் திருப்பியதும், ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னாலேயே, மச்சத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு எழும் பாருங்கள், அந்தச் சிரிப்புக்காகக் கலியமூர்த்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தும் எழுந்து வந்திருக்கிறார்.

"எல்லாம் ஓகேயா கலி?" என்றான் வரதன்.

"ம்."

"நான் ஒண்ணும் சொல்ல வரல. உன் மொகம், உன் கை. நீயே பாத்துச் செய்யி. அகாடமியில உறுப்பினர் போடுறாங்களாம், எம்பேரும் அடிபடுதாம். அது கெடக்கு. அத வச்சு நீ எதையும் முடிவு பண்ணாத."

முடிவு பண்ணாதே என்று சொல்லிவிட்டு முடிவை மடியில் கட்டிவிட்டுப் போவதில் வரதன் கெட்டிக்காரன். எழுதுவதில்கூட இவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. கலியமூர்த்தி கண்ணைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அவன் போன பிறகும் செண்ட் வாசனை கிராம்போடு மல்லுக்கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தது. கோபம் வர வேண்டும், வரவில்லை. வரதன் மேல் கோபப்பட என்ன யோக்கியதை இருக்கிறது? அவன் காட்சியை விற்றான். இவர் மனு கொடுத்திருக்கிறார். அவன் தனக்காகச் செய்தான், நான் பிள்ளைக்காக. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு மனசு கொஞ்ச தூரம் போயிற்று, பிறகு அதுவும் கையை விட்டது. நல்லமுத்துகூடப் பிள்ளைகளுக்காகத்தான் எல்லாம் செய்கிறார் என்று கேள்வி.

"வெளிய படத்தப் பாத்தீங்களா?" என்றார் ஜமால் பாய், மீசையை ஒட்டிக்கொண்டே. மீசைப் பசையின் நெடி மூக்கில் ஏறியது. பார்த்திருக்கிறார். இந்த அரங்கத்தைப் புதுப்பித்து, நடைபாதைச் சுவர் முழுக்க நாடகக் கலையின் வரலாறு என்று ஓவியம் வரைந்திருக்கிறார்கள். ஒப்பந்தம் எடுத்தவர் அமைச்சரின் சகலை. அதுவரைக்கும் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர். தெருக்கூத்து ராஜாவிலிருந்து நவீன நாடகக்காரன் வரைக்கும் நாற்பது உருவம், நாற்பதுக்கும் ஒரே முகம். ஒரு அச்சை வெட்டி வைத்துக்கொண்டு அடித்திருக்கிறார். பெண் வேஷத்துக்கு மட்டும் மீசையை அழித்திருக்கிறார், அதுவும் சரியாக அழியவில்லை. அந்த முகம் நல்லமுத்துவின் முகம். திறப்பு விழாவில் ஓவிய விமர்சகர் ஒருவர், எல்லாக் கலைஞரும் ஒரே ஆன்மா என்ற தத்துவம் இதில் வெளிப்படுகிறது என்று அரை மணி நேரம் பேசினார். அந்த வருஷம் சிறந்த பொதுவெளி ஓவியத்துக்கான பரிசும் அதற்குத்தான்.

"நாப்பது மூஞ்சியிலயும் மச்சம் வலது கன்னத்துல இருக்கு, கவனிச்சீங்களா?" என்றார் பாய். "அமைச்சருக்கு இடது. அவரு செல்போன்ல தன்னையே எடுத்த படத்தப் பாத்து வெட்டியிருக்கான் அச்ச. அதுல கண்ணாடி மாதிரி எடம் வலமாத்தான விழும்? தெறக்க வந்தவரு அரமணி நேரம் அது முன்னாடி நின்னு போட்டோ எடுத்தாரு. அவருக்கே தெரியல."

"எப்படித் தெரியாமப் போகும் பாய்?"

"தெனம் கண்ணாடியில பாக்குற மூஞ்சிதான, அதே மாதிரி இருந்திருக்கும். எதிர்ல நின்னு பாக்குற நமக்குல்ல தெரியும்."

கலியமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. மீசை அசையும் என்று அடக்கிக்கொண்டார். ஜமால் பாய்க்கு அந்தச் சுவரின் மேல் உண்மையிலேயே கோபம். முப்பது வருஷம் பெயர்ப்பலகை எழுதியவர். ஒரு எழுத்து நூலளவு சாய்ந்தால் பலகையையே சுரண்டிவிட்டு மறுபடி எழுதுவார். நாடகத்தில் வரும் தெர்மகோல் கல்லை அவர்தான் செய்தார். அதில் கருங்கல்லின் புள்ளி புள்ளியெல்லாம் இருக்கும். பத்தாவது வரிசையில் இருப்பவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது என்று கேட்டால், "எனக்குத் தெரியுதே" என்பார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பக்கப் படுதாவுக்குப் பின்னால் கைக்கண்ணாடியோடு நிற்பார். வியர்வையில் புள்ளி கலைந்தால் சைகை காட்டுவதற்கு. ஒரு ஆட்டம் தவறியதில்லை. அவர் சம்சாரம் இறந்த மூன்றாம் நாள் பாத்திஹா ஓதிவிட்டு வந்து நின்றார். இப்படிப்பட்ட ஆளிடம் போய் எப்படிச் சொல்வது? பாய், இன்றைக்கு மட்டும். பாய், தேன்மொழி விஷயம் உங்களுக்குத் தெரியும். பாய், ஒரு புள்ளிதானே. அந்தக் கடைசி வாக்கியத்தை மனசுக்குள்ளேயே பாதியில் நிறுத்திக்கொண்டார்.

விக் தலையில் இறங்கியபோது இன்னொரு ஆள் வந்தான். எழிலரசன். இவனுக்காகக் கண்ணைத் திறந்தாக வேண்டும். திறந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் அமைச்சர் படம் தெரிகிற மாதிரி மெல்லிய துணி.

"வணக்கம்ணே. ஐயா ஷோவுக்கு முன்னாடி இங்க வந்து உங்களோட ஒரு போட்டோ எடுத்துக்குவாரு. வேஷத்தோடயே இருங்க. பேப்பர்ல வரணும்."

"சரிங்க தம்பி."

"பாப்பாவோட ஃபைலு மேல இருக்குண்ணே. இன்னிக்கி நாளைக்குள்ள கையெழுத்தாயிரும். ஐயா நல்ல மூட்ல இருக்காரு. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், அந்த மூடு கெடாமப் பாத்துக்குங்க, போதும்."

ஒன்றும் பண்ண வேண்டாம். எவ்வளவு சுலபமான வேலை! பண்ணாமல் இருப்பதற்கு யாரும் பாராட்டு விழா எடுப்பதில்லை, யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். மச்சம் இல்லாத ஒரு பொது அமைச்சர் வந்து, கல்லை நாட்டி, வசனம் பேசி, போய்விடுவார். கை துடைப்பையும் விட்டுவிடலாம், கரண்டியைக் கொடுத்துவிட்டு நேரே கை குலுக்கினால் ஆயிற்று, ஜனங்கள் சிரிக்கிற இடத்தில் சிரிக்க மாட்டார்கள், அவ்வளவுதானே. ஒரு நாள் சிரிக்காவிட்டால் யாருக்கு என்ன. தேன்மொழி ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வருவாள். ஆதிரைக்குத் தினமும் அம்மா. அரிசி டப்பாவில் அரிசி மட்டும் இருக்கும். முந்நூற்று நாற்பது ஆட்டத்தில் ஒன்று. இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தால் எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. வரதன் மணல் லாரியை எடுத்தபோது சொன்னதும் இதே மாதிரி நியாயமாகத்தான் இருந்தது. அன்றைக்குக் கலியமூர்த்தி அவனோடு மூன்று மாசம் பேசவில்லை. அந்த மூன்று மாசத்தை இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது. வெட்கம் அவனுக்காகவா, தனக்காகவா என்று பார்க்கப் பயமாகவும் இருந்தது.

பவுடர் பஃப் முகத்தில் மெத்து மெத்தென்று விழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு சத்தம், பிளேடு மரத்தைச் சீவுகிற சத்தம். ஜமால் பாய் பென்சிலைச் சீவுகிறார். இனி நேரம் இல்லை.

"வேண்டாம் பாய்" என்றார் கலியமூர்த்தி.

சீவுகிற சத்தம் நின்றது. "எது?"

"மச்சம். இன்னிக்கி ஒருநாள்."

கண்ணாடியில் பார்த்தால் ஜமால் பாய் பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மேஜைமேல் வைத்தார், உருண்டுவிடாமல் டப்பாவுக்கு அண்டை கொடுத்து வைத்தார். "தேன்மொழிக்காகவா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள், "சரி" என்றும் சொல்லிவிட்டார். கோபித்திருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கலியமூர்த்தி கண்ணாடியில் இருந்த முகத்தைப் பார்த்தார். நல்ல மேக்கப். யார் முகமும் இல்லை. ரேஷன் கார்டு அட்டையில் போடலாம், அவ்வளவு பொது.

வெளியே காலடிச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது; வழி விடுங்க, வழி விடுங்க. இரண்டு போலீஸ்காரர்கள், எழிலரசன், கேமராக்காரர், வரதன், அவர்களுக்கு நடுவில் நல்லமுத்து. தோளில் இன்றைக்குப் போட்ட பொன்னாடை. பதினோரு வருஷத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். இடது கன்னத்தில், கண்ணுக்கு இரண்டு விரல் கீழே, அது அப்படியே இருக்கிறது. கலியமூர்த்தி எழுந்து கும்பிட்டார். அமைச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"எங்கய்யா என் மச்சம்?"

வரதன் சுவரைப் பார்த்தான்.

"பயந்துட்டீங்களா? நான் என்ன சிங்கமா, புலியா? விமர்சனத்த ரசிக்கிறவன்யா நான். ஊரெல்லாம் பாத்துச் சிரிக்கிறானுங்க, நான் வர்ற அன்னைக்கி எடுத்துட்டா என்னைப் பத்தி என்ன பேசுவான்? மச்சத்துக்குக் கூடப் பயந்தவன்னு எழுதமாட்டான்? அந்தப் பென்சிலக் குடுங்க."

எழிலரசன் பாய்ந்து எடுத்துக் கொடுத்தான். அமைச்சர் கலியமூர்த்தியின் மோவாயைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். விரல்கள் குளிர்ந்து மெத்தென்று இருந்தன. கேமரா பளிச் பளிச் என்று மின்னியது. பென்சில் முனை கன்னத்தில் பதிந்து, அழுந்தி, ஒரு சுற்றுச் சுற்றியது. வலது கன்னத்தில். வலது! கலியமூர்த்தியின் கண் தானாக ஜமால் பாயைத் தேடியது. பாய் வாயைத் திறந்து மூடினார். ஐயா, இந்தப் பக்கம் இல்லை என்று யார் சொல்வது? போலீஸ்காரரா சொல்வார்? அமைச்சர் ஓர் அடி பின்னால் போய் நின்று பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார். பொன்னாடையின் வலது முனையில் கையை ஒருதரம் துடைத்தார், இடது முனையில் ஒருதரம் துடைத்தார். அப்புறம் கை கொடுத்தார். ஒரு முழத் தூரத்தில் அதைப் பார்த்தபோது கலியமூர்த்திக்குச் சிரிப்பு வரவில்லை.

"இப்பத்தான் என்னைய மாதிரி இருக்கீங்க. பொண்ணு விஷயம் எழில் சொன்னான். பாத்துக்கலாம்" என்றார் அமைச்சர். போய்விட்டார்கள். அறையில் அவர்கள் கொண்டுவந்த சூடு மட்டும் இருந்தது.

இரண்டாவது மணி அடித்தது. கலியமூர்த்தி கண்ணாடிக்குத் திரும்பினார். கண்ணாடிக்குள் நல்லமுத்து இருந்தார். பதினோரு வருஷமாக இந்தக் கண்ணாடியில் தெரிந்தது எப்போதும் பக்கம் மாறிய மச்சம். பக்கம் சரியாக இருந்தது கொட்டகைக்கு, கண்ணாடிக்கு இல்லை. இன்றைக்குத்தான் முதல் தடவையாக, எதிரே நிற்கிற நல்லமுத்துவைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். கொட்டகைக்குத் தெரியப்போவது வேறே. கொட்டகைக்குத் தெரியப்போவது நடைபாதைச் சுவரில் நாற்பது தடவை இருக்கிற முகம்.

"அர நிமிஷம் போதும்" என்றார் ஜமால் பாய். கையில் ஈரப் பஞ்சு. "தொடச்சிட்டு இந்தப் பக்கம் வச்சிர்றேன்."

"வேணாம் பாய்."

"தப்புங்க அது."

"தெரியும். அவரே வச்சது. இருக்கட்டும்."

ஜமால் பாய் பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டார். பென்சிலைத் துணியில் சுற்றினார், டப்பாக்களை மூடினார், பெட்டியைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். நாடகம் முடிவதற்கு முன்னால் அந்தப் பெட்டி மூடிக் கலியமூர்த்தி பார்த்ததில்லை. "நான் போயி டீ குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பாய் கதவைத் திறந்துகொண்டு போனார். கைக்கண்ணாடி மேஜைமேல் குப்புறக் கிடந்தது. மூன்றாவது மணி. போக வேண்டும். கால் போயிற்று. படுதாவுக்குப் பின்னால் பலகை நெருநெருவென்றது, எப்போதும் நெருநெருக்கிற அதே பலகை. வரதன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். மச்சம் இருக்கட்டும், கை துடைப்பை விட்டுவிடலாம் என்று கலியமூர்த்தி முடிவு செய்தார். ஒன்றாவது கொடுக்க வேண்டும். ஒன்றுமே கொடுக்காமல் கேட்க முடியாது.

கேமராவுக்கு அமைச்சர் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொட்டகை விளக்கை அணைக்கவில்லை. எல்லா முகமும் தெரிந்தது. கலியமூர்த்தி நுழைந்து, நாலு அடி வைத்து, முகத்தைத் திருப்பினார். சிரிப்பு வரவில்லை. பதினோரு வருஷமாக வந்த சிரிப்பு. அது வர வேண்டிய இடத்தில் ஒரு முணுமுணுப்புதான் வந்தது. ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், செத்தது என்று நினைத்தார், இனி ஒன்றே முக்கால் மணி நேரம் பிணத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அப்போது பின் வரிசையில் இருந்து ஒரு பெண் குரல், பல ஆட்டம் பார்த்த குரல், தெளிவாகக் கேட்டது: "ஐயய்ய, மச்சம் பக்கம் மாறிப்போச்சே!"

முதல் வரிசையில் அமைச்சரின் கை எழுந்து தன் வலது கன்னத்தைத் தொட்டது. அங்கே ஒன்றும் இல்லை. விரல் தேடியது. மூக்கைத் தாண்டி இடது கன்னத்துக்குப் போனது. அங்கே இருந்தது. விரல் அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த எழிலரசன் மேடையைப் பார்த்தான், அமைச்சரைப் பார்த்தான், மறுபடி மேடையைப் பார்த்தான். விளக்குதான் எரிகிறதே, எல்லாரும் பார்த்தார்கள். முதலில் சிரித்தது பின் வரிசை, அப்புறம் மாடி, அப்புறம் நடு வரிசை, கடைசியில் போலீஸ்காரர்களில் ஒருவர். அப்படி ஒரு சிரிப்பைக் கலியமூர்த்தி கேட்டதில்லை. வரதன் எழுதாத சிரிப்பு, பாய் வரையாத சிரிப்பு, தான் நடிக்காத சிரிப்பு. அமைச்சரும் சிரித்தார், எல்லாருக்கும் கொஞ்சம் பிந்திச் சிரித்தார்; கன்னத்தில் இருந்த கை மட்டும் இறங்கவில்லை. கண் கலியமூர்த்தி மேலேயே இருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மேலே இருந்த ஃபைல் இனி மேலே இருக்காது. சொன்னபடி கேட்டதற்கு, மச்சத்தை வைத்த இடத்தில் வைத்தபடி கொண்டு வந்ததற்கு இதுதான் பலன். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் ஆதிரை செருப்பை ஒளித்து வைப்பாள். அழுகை வரப் பார்த்தது, மேடையில் அதற்கு இடமில்லை.

சிரிப்பு ஓய்ந்தது. தெர்மகோல் கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். கரண்டியைக் கையில் கொடுத்தார்கள். கல்லுக்கு ஒரு சாண் மேலே அதைக் காற்றில் அசைத்தார். திருப்பிக் கொடுத்தார். கொட்டகை காத்திருந்தது. இனி விடுவதற்கு ஒன்றும் இல்லை என்பதால் செய்தாரா, அல்லது கை பழக்கத்தில் தானாகப் போனதா என்று யாராவது பிறகு கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. தோளில் கிடந்த பொன்னாடையின் வலது முனையில் ஒருதரம் துடைத்தார். இடது முனையில் ஒருதரம், அவசரமில்லாமல், துடைத்தார். நிமிர்ந்தபோது கண் பக்கப் படுதாவுக்குப் போயிற்று. அங்கே ஜமால் பாய் கைக்கண்ணாடியோடு நின்றுகொண்டிருந்தார்.